நிலையும் அழுத்தமும்: கோலார் தங்க வயலை முன்வைத்து ஒரு கலைச்சொல்லின் வரலாறு

'பொட்டென்ஷியல்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நிகரான தனிச்சொல் ஒன்று இன்றுவரை அமையவில்லை. இயற்பியல் பாடநூலின் ஓர் இயலில் அது 'நிலை' ஆகிறது. அடுத்த இயலில் 'அழுத்தம்' ஆகிறது. கல்வியியல் நூல்களில் 'உள்ளாற்றல்' என்றும், பொருளாதார அறிக்கைகளில் 'வளம்' என்றும், செய்தித்தாள்களில் 'வாய்ப்பு' என்றும் அதே சொல் வேடம் மாறி வருகிறது. ஒரு மூலச்சொல்லுக்குப் பல நிகரன்கள் இருப்பது குறையன்று. சூழலுக்கேற்பச் சொல் மாறுவது மொழியின் இயல்பே. ஆயினும் இவ்வொரு சொல்லைப் பொறுத்தவரை, பிரிந்து நிற்கும் தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றும் தத்தம் பொதுவழக்குப் பொருளையும் உடன் சுமந்து வருவதால், படிப்பவர் மூலக் கருத்திற்கு எதிரான திசையில் செல்லும் நிலையும் ஏற்படுகிறது. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்குக் களமாகக் கருநாடகத்தின் கோலார் தங்க வயல் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. காரணம் உண்டு. அருவிநீரின் வீழ்ச்சியால் பிறந்த மின்சாரம் இந்தியாவில் முதன்முதலாக நெடுந்தொலைவு கடந்து ஒரு தொழிலை இயக்கியது இவ்விடத்தில்தான். நாட்டின் மிக ஆழமான சுரங்கம் இருந்ததும் இங்கேயே. பாறைக்குள் அடங்கிக் கிடந்த ஆற்றல் திடீரென வெளிப்பட்டு மனித உயிர்களைப் பறித்ததும், இயற்பியலறிஞர்கள் நிலத்தடியில் நுண்துகள்களுக்காகக் காத்திருந்ததும் இதே சுரங்கங்களில்தான். இவை அனைத்திலும் அந்த ஒரே சொல் வெவ்வேறு பொருளில் நடமாடியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்று குடியேறிய உழைப்பாளர்களால் அவ்வூரின் பேச்சுமொழி பெரும்பாலும் தமிழாக அமைந்தது, ஆட்சிமொழி கன்னடம், நிருவாகமொழி ஆங்கிலம். ஒரு கலைச்சொல்லை மும்மொழிகளில் உரைத்துப் பார்க்க இதனினும் ஏற்ற இடம் அரிது.

மூலச்சொல்லின் வழி

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன மொழியின் 'பொட்டென்ஷியா'. இடைக்கால அறிஞர்கள் அரிஸ்டாட்டிலின் 'தூனமிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை அவ்வாறு மொழிபெயர்த்தனர். அதன் இணைச்சொல் 'எனெர்கெயா'. செயலாக நிகழ்ந்து நிற்கும் நிலை அது. ஆற்றல் என்று இன்று நாம் வழங்கும் 'எனர்ஜி' பிறந்தது இதிலிருந்தே. எனவே 'பொட்டென்ஷியல் எனர்ஜி' என்பது சொற்பிறப்பு நோக்கில் 'நிகழாத நிகழ்வு' என்பது போன்ற ஒரு முரண்தொடர். இம்முரண் ஆங்கில மாணவருக்கும் தெரிவதில்லை. நமக்கும் தெரிய வேண்டிய தேவை நெடுங்காலம் எழவில்லை.

அரிஸ்டாட்டில் தூனமிஸ் என்பதைச் செய்யும் வல்லமை என்ற அளவில் நிறுத்தவில்லை. பிறிதொன்றால் மாற்றப்படும் தன்மை, மாற்றத்தை எதிர்த்து நிற்கும் தன்மை ஆகியவற்றையும் அவர் அதனுள் அடக்கினார். இக்குறிப்பு பின்னர்த் தேவைப்படும்.

இயற்பியலில் இச்சொல் இரு வேறு வாயில்கள் வழியாக நுழைந்தது. 1828இல் ஜார்ஜ் கிரீன் மின்னியல், காந்தவியல் குறித்த தம் கட்டுரையில் ஒரு கணிதச் சார்புக்கு இப்பெயரை இட்டார். 1840இல் கவுஸ் தனியே இதே பெயரைக் கையாண்டார். இது வெளியின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்ணை வழங்கும் சார்பு. அங்கே பொருள் ஏதும் வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. 1853இல் ஸ்காட்லாந்துப் பொறியியலறிஞர் இராங்கின் ஆற்றலை இருவகையாகப் பிரித்து, ஒன்றனை 'பொட்டென்ஷியல்' என்றும், மற்றதனை 'மெய்யாக நிகழ்வது' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லாலும் குறித்தார். இரண்டாவது பெயர் நிலைக்கவில்லை. அவ்விடத்தில் தாம்சனும் டெயிட்டும் பரப்பிய, இயக்கத்தைக் குறிக்கும் கிரேக்க வேர்ச்சொல்லே வெற்றி பெற்றது. இவ்வாறு அரிஸ்டாட்டிலின் இணையில் ஒரு பாதி மட்டும் எஞ்சியது. ஒருபுறம் 'நிகழக்கூடியது', மறுபுறம் 'இயங்குவது' எனப் பொருந்தாத ஓர் இணை உருவாயிற்று.

இப்பெயரை வானியலறிஞர் ஜான் ஹெர்ஷல் ஏற்கவில்லை. இது பொருத்தமற்ற பெயர் என்று அவர் கண்டித்தார். இராங்கின் 1867இல் அதற்கு விடையிறுத்துத் தம் தேர்வுக்குக் காரணம் கூறினார். கலைச்சொல்லாக்கத்தில் நாம் படும் பாட்டைக் கண்டு, ஆங்கிலத்தில் எல்லாம் இயல்பாக அமைந்துவிட்டன என்று எண்ணுவோர் இவ்வழக்கை நினைவிற்கொள்வது நலம்.

சிவசமுத்திரத்திலிருந்து வந்த கம்பி

1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார் தங்க வயலில் சுரங்கம் தோண்டி வந்தனர். ஆழம் மிகமிகக் கல்லையும் நீரையும் மேலேற்றுவதற்கான நிலக்கரிச் செலவும் மிகுந்தது. காவிரி சிவசமுத்திரத்தில் ஏறத்தாழ 400 அடி இறங்குகிறது. அந்த வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் எடுத்துத் தங்க வயலுக்கு அனுப்பலாம் என்று மைசூர் அரசின் பொறியாளர் ஜோலி டி லாட்பினியர் திட்டம் வகுத்தார். திவான் சேஷாத்திரி ஐயர் அதனை ஏற்று முன்னெடுத்தார். 1901இல் அவர் மறைந்தார். திட்டம் 1902 ஜூன் 30ஆம் நாள் செயற்பட்டது. ஏறத்தாழ 92 மைல் தொலைவு. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின் செலுத்துதடங்களுள் அதுவும் ஒன்று. பெங்களூரு நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். அதற்கு மூன்றாண்டு முன்பே சுரங்கத்து எந்திரங்கள் காவிரியால் ஓடின.

இவ்வளவு தொலைவுக்கு மின்சாரத்தை அனுப்ப முப்பதாயிரம் வோல்ட்டு அளவில் அதனை உயர்த்த வேண்டியிருந்தது. ஒரே அளவு திறனை அனுப்பும்போது வோல்ட்டு உயர்ந்தால் மின்னோட்டம் குறையும். மின்னோட்டம் பாதியானால் கம்பியில் வெப்பமாக வீணாவது நான்கில் ஒரு பங்காகும். இந்த 'வோல்ட்டு உயர்வு' என்பதற்கு அன்றைய பொறியாளர் வழங்கிய சொற்கள் இங்கு நம் கவனத்திற்குரியவை. கணித நூல்களில் அது 'பொட்டென்ஷியல் வேறுபாடு'. ஆனால் கம்பி இழுத்தவர்களும் எந்திரம் இயக்கியவர்களும் 'பிரஷர்' என்றும் 'டென்ஷன்' என்றுமே கூறினர். பிரெஞ்சு மொழியில் இன்றும் அது 'தான்சியோன்'. செருமானிய மொழியில் 'ஷ்பான்னுங்', அதாவது இழுவிறைப்பு. நம் நாட்டில் 'எச்.டி. லைன்' என்று இன்றும் வழங்குவதில் உள்ள 'டி' அந்த டென்ஷனே.

இதனைக் கருத்திற்கொண்டால் தமிழின் 'மின்னழுத்தம்' எதன் மொழிபெயர்ப்பு என்பது விளங்கும். அது கிரீனின் சொல்லுக்கு நேரானதன்று. குழாயில் ஓடும் நீரை உவமையாகக் கொண்ட பொறியாளரின் 'பிரஷர்' என்பதற்கே நேரானது. நீர் மிகுந்த அழுத்தமுள்ள இடத்திலிருந்து குறைந்த அழுத்தமுள்ள இடத்திற்குச் செல்வதுபோல் மின்னோட்டமும் செல்கிறது என்ற உவமை பட்டறைக்குப் போதுமானது. கற்பிப்பதற்கும் எளிது. எனவே அச்சொல் நிலைத்ததில் வியப்பில்லை. குறை யாதெனில், பள்ளியில் அழுத்தம் என்றால் ஓரலகு பரப்பின்மேல் செயற்படும் விசை என்று முன்பே வரையறுத்துவிடுகிறோம். பின்னர் மின்னியல் இயலில் அதே சொல் பரப்புக்கும் விசைக்கும் தொடர்பற்ற ஒன்றைக் குறிக்கிறது. ஓரலகு மின்னூட்டத்தைக் கொண்டுவரச் செய்யப்படும் வேலை என்பது அதன் வரையறை. வேதியியலில் 'மின்முனை அழுத்தம்' என்று வரும்போது மாணவர் மின்முனையை எதுவோ நெருக்குவதாக எண்ணினால் அவரை எவ்வாறு குறைகூறுவது?

'டென்ஷன்' என்னும் சொல் தமிழ்ப் பேச்சில் மற்றொரு வழியாகவும் நுழைந்து, மனக்கொதிப்பைக் குறிக்கும் அன்றாடச் சொல்லாகிவிட்டது. 'மன அழுத்தம்' என்னும் எழுத்து வழக்கும் உடன் வந்தது. மின்கம்பியும் மனமும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்வது இலக்கியத்திற்கு ஆகும், பாடநூலுக்கு ஆகாது.

சுழியம் எங்கே?

சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் சென்றது. கணக்கிற்காக 3 கிலோமீட்டர் எனக் கொள்வோம். அங்கிருந்து ஒரு டன் கல்லை மேலேற்ற 2 கோடியே 94 இலட்சம் ஜூல் வேலை செய்ய வேண்டும். நாம் கட்டணம் செலுத்தும் மின்சார யூனிட்டில் இது எட்டுக்குச் சற்று மிகுதி. உராய்வு முதலான இழப்புகளை ஒதுக்கிவிட்டால், சிவசமுத்திரத்தில் ஏறத்தாழ 25 டன் நீர் விழுந்தால் தங்க வயலில் ஒரு டன் கல் எழும். (மெய்யாக ஒரே இழுப்பில் அக்கல் எழவில்லை, ஒரு குழியிலிருந்து மற்றொரு குழிக்கு மாற்றி, படிப்படியாகவே ஏற்றினர்.) காவிரி நீர் இழந்த நிலை ஆற்றலைக் கோலார்க் கல் பெற்றது. ஆற்றல் அழியாமையை விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நம் நாட்டுப் பாடநூல்களில் இடம்பெற்றிருக்கலாம். பெரும்பாலும் மேசைமேல் வைத்த புத்தகமும் மரத்திலிருந்து விழும் பழமுமே இடம்பெறுகின்றன.

இங்கே ஒரு நுட்பம் உள்ளது. இந்த ஆற்றல் கல்லிடம் உள்ளதா? கல்லை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அதில் ஏதும் கூடியிருப்பதாகத் தெரியாது. கல்லும் பூமியும் ஒன்றற்கொன்று அமைந்துள்ள இடத்தால் வருவது அது. எனவே இடத்தைக் குறிக்கும் 'நிலை' என்னும் சொல் இங்கு நன்கு பொருந்துகிறது. இந்தியின் 'ஸ்திதிஜ ஊர்ஜா', மலையாளத்தின் 'ஸ்திதிகோர்ஜம்' ஆகியனவும் இதே கருத்தைப் பற்றியவை. 'இருப்பிடத்தால் பிறந்தது' என்பது முன்னதன் பொருள். இவ்வகையில் இந்திய மொழிகள் ஆங்கிலத்தினும் தெளிவாகப் பேசுகின்றன என்று துணிந்து கூறலாம். இராங்கினின் சொல் ஆற்றலின் வருங்காலத்தைச் சுட்டியது. நம் சொற்கள் அதன் காரணத்தைச் சுட்டுகின்றன.

ஆனால் சுழியத்தை எங்கே வைப்பது? சுரங்கவாயில் வைத்தால் கீழே உள்ள அனைத்திற்கும் நிலை ஆற்றல் எதிர்க்குறி உடையதாகிவிடும். குழியின் அடித்தளத்தில் வைத்தால் மாரிக்குப்பத்துத் தெருவில் நடப்பவருக்கும் மிகுந்த நிலை ஆற்றல் உண்டு. எதுவும் பிழையன்று; வேறுபாடு மட்டுமே இயற்பியலில் பொருளுடையது. பொதுவழக்கில் இது நிகழவே இயலாது. 'இம்மாணவரிடம் கழித்தல் நூறு அளவு உள்ளாற்றல் உள்ளது' என்று எவரும் கூறுவதில்லை. அன்றாடச் சொல் உடைமையைக் குறிக்கிறது. இயற்பியற் சொல் உறவைக் குறிக்கிறது. ஆங்கிலத்திலும் இவ்விடைவெளி உண்டு. ஆயினும் ஆங்கிலம் ஒரே சொல்லால் அதனை மூடி மறைக்கிறது. தமிழ் இரு சொற்களால் திறந்து காட்டுகிறது. மொழிபெயர்ப்பாளர் இதனைச் சுமையாகக் கருதாமல் வாய்ப்பாகக் கருதலாம்.

பாறை பொறுத்திருந்தது

மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் மேலே உள்ள பாறையின் எடை ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 900 கிலோகிராம் அளவில் இறங்குகிறது. பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கும் மேல். கோலாரின் பாறை கடினமானது; நொறுங்கும் இயல்பினது. வளைந்து கொடுக்கும் பாறை சிறிது சிறிதாக நெகிழ்ந்து சுமையை இறக்கிவிடும். இது அவ்வாறன்று. தங்கக் கல்லை வெட்டி எடுத்த வெற்றிடத்தைச் சுற்றிலும் சுமை திரண்டு, பாறை சிறிதே சுருங்கி, அச்சுருக்கத்தில் மீள்திறன் ஆற்றலைத் தேக்கி வைத்துக்கொண்டு நிற்கும். பின்னர் ஒரு நொடியில் வெடித்துச் சிதறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தங்க வயலில் இத்தகைய வெடிப்புகள் நேர்ந்தன. தொடக்கத்தில் ஆங்கில ஆவணங்கள் இவற்றைக் 'காற்று வெடிப்பு' என்றே குறித்தன. வெடிப்பினால் எழுந்த காற்றடியைக் கண்டவர்கள் விளைவையே காரணமாகக் கொண்டு பெயரிட்டனர். 'ராக் பர்ஸ்ட்' என்னும் பெயர் பின்னர் வழக்கூன்றியது. வெட்டிய இடங்களில் செதுக்கிய கருங்கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பித் தாங்கு கொடுத்தனர். வெடிப்புகள் குறைந்தனவே ஒழிய நிற்கவில்லை. 1988இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் இவ்வூரிலேயே தொடங்கப்பெற்றதற்கு இந்நெடிய பட்டறிவும் ஒரு காரணம் எனலாம்.

இவ்விடத்தில்தான் நம் கலைச்சொல் தடுமாறுகிறது. தங்க வயலின் வரலாறு பற்றிய சிறு நூல் ஒன்றை மொழிபெயர்க்க நேர்ந்தபோது, 'பாறையில் சேர்ந்திருந்த நிலை ஆற்றல் திடீரென வெளிப்பட்டது' என்று எழுதினேன். இயற்பியல் நோக்கில் அது சரியான தொடர். சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரிடம் அதனைப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "நிலையா இருக்கிறதுன்னா அப்புறம் எதுக்குய்யா பயம்?"

அவர் கேட்டதில் பிழையில்லை. 'நிலை' என்பதற்கு இடம், நிற்றல், தன்மை என்பனவற்றோடு உறுதி, அசைவின்மை என்னும் பொருள்களும் தமிழில் ஆழமாக வேரூன்றியுள்ளன. 'நிலையான வருமானம்', 'நிலைத்த புகழ்', 'நிலையாமை' என்பனவற்றைப் பேசிப் பழகிய செவிக்கு 'நிலை ஆற்றல்' என்பது மாறாத, அமைதியான ஆற்றலாகவே ஒலிக்கும். 'இயக்க ஆற்றல்' என்பதன் எதிர்ச்சொல்லாக அதனைக் கற்பிப்பது இம்மயக்கத்தை மேலும் வலுப்படுத்துகிறது. வெடிக்கக் காத்திருக்கும் பாறைக்குச் சூட்டத்தக்க பெயர்களுள் 'நிலை' கடைசியாக வைக்கத்தக்கது.

எனினும் அத்தொடரின் இரண்டாம் உறுப்பை நோக்குக. 'ஆற்றல்' என்பது இன்று வலிமையை மட்டும் குறிப்பதாகச் சுருங்கிவிட்டது. பழந்தமிழில் அதற்குப் பொறுத்தல் என்னும் பொருளும் உண்டு. திருக்குறளின் ஈகை அதிகாரத்தில் பசியைப் பொறுத்துக்கொள்வதும் ஆற்றல் எனப்படுகிறது. அப்பசியை மாற்றுவோரின் வலிமை அதனினும் மேலானதாக அங்கு வைக்கப்படுகிறது. செய்யும் வன்மையும் தாங்கும் வன்மையும் ஒரே வினையடியில் அடங்கியுள்ளன. அரிஸ்டாட்டிலின் தூனமிஸ் செய்தலையும் எதிர்த்து நிற்றலையும் ஒருங்கே அடக்கியதை மேலே கண்டோம். அவ்வகையில் கிரேக்கச் சொல்லுக்கு மிக அணுக்கமான தமிழ்ச் சொல் 'ஆற்றல்' என்பதே. ஆனால் அதனை 'எனர்ஜி' என்பதற்குக் கொடுத்துவிட்டோம். 'தூனமிஸ்' என்பதற்கு உரிய சொல் 'எனெர்கெயா' என்பதன் வழித்தோன்றலுக்குச் சென்றுவிட்டது! இனி அதனைத் திரும்பப் பெறுவது இயலாது. பெற முயல்வதும் வீண். ஆயினும் பாறை வெடிப்பை விளக்கும்போது 'பாறை ஆற்றிக்கொண்டிருந்தது' என்னும் பழைய பொருளைத் தொட்டுக் காட்டினால் படிப்பவருக்கு உதவும் என்பது எம் கருத்து. அம்முதியவருக்கு நான் இறுதியில் 'தேங்கி நின்ற ஆற்றல்' என்று எழுதிக் காட்டினேன். அவர் ஏற்றுக்கொண்டார்.

அண்டைமொழிகளும் ஈழத் தமிழும்

தங்க வயலில் கன்னட வழியில் பயிலும் மாணவர் 'பிரச்சன்ன சக்தி' என்று படிக்கிறார். மறைந்துள்ள ஆற்றல் என்பது பொருள். பாறை வெடிப்பைப் பொறுத்தவரை மும்மொழிகளுள் கன்னடமே உண்மைக்கு நெருங்கி நிற்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மின்னியலில் கன்னடம் வேறு சொல்லுக்கு மாறிவிடுகிறது. 'விபவாந்தரம்' என்பது அங்கு வழங்கும் சொல்; இந்தியிலும் 'விபவம்' உண்டு. செல்வம், வல்லமை என்பன வடமொழியில் 'விபவ' என்பதன் பொருள்கள். தமிழர் அறுபது ஆண்டுச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டின் பெயராக இதனை அறிவர். இதிலிருந்து வந்த 'வைபவம்' நமக்குத் திருமண விழா. மின்னூட்டத்தின் செல்வநிலை என்று மின்னழுத்தத்தைப் பொருள்கொண்டால் கருத்து ஓரளவு அமைகிறது. ஆனால் கன்னட மாணவருக்கும் ஆற்றலுக்கு ஒரு சொல், மின்னியலுக்கு மற்றொரு சொல் என்றே அமைகிறது. இரண்டும் ஒரே மூலத்தவை என்பது அவருக்கும் தெரிவதில்லை.

ஈழத் தமிழ்ப் பாடநூல்கள் வேறு வழி சென்றன. அங்கு 'பிரஷர்' என்பது 'அமுக்கம்'. 'பொட்டென்ஷியல்' என்பது 'அழுத்தம்'. தமிழில் 'அழுந்து–அழுத்து', 'அமுங்கு–அமுக்கு' என்னும் இரு தன்வினை–பிறவினை இணைகள் ஏறத்தாழ ஒருபொருளில் வழங்குகின்றன. அவற்றுள் ஒன்றை விசைக்கும் மற்றொன்றை இக்கருத்திற்கும் ஈழத்தார் ஒதுக்கிக்கொண்டனர். அதனால் மின்னியலில் 'அழுத்த வித்தியாசம்' என்றும், ஆற்றலில் 'அழுத்த சக்தி' என்றும் ஒரே சொல்லை இரு துறைகளிலும் தொடர்ந்து வழங்க அவர்களால் முடிந்தது. ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்னும் கலைச்சொல் நெறியை இங்கு ஈழத் தமிழே கடைப்பிடித்துள்ளது, தமிழகம் தவறவிட்டது. தமிழகத்தில் 'சக்தி' நீங்கி 'ஆற்றல்' வந்ததைப் பெரிய சீர்திருத்தமாகப் பாராட்டினோம். வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்று நோக்கிய அளவுக்குச் சொற்களுக்கிடையிலான அமைப்பை நோக்கவில்லை என்றே தோன்றுகிறது. 1916இல் சேலத்தில் தொடங்கிய கலைச்சொல் முயற்சி முதல் இவ்விவாதம் பெரும்பாலும் மொழித்தூய்மையைச் சுற்றியே நடந்து வந்துள்ளது.

ஈழ நூல் ஒன்றில் 'பாறையின் அழுத்த சக்தி' என்று இருந்து, அதனைத் தங்க வயல் தமிழர் படித்தால் என்ன நேரும்? பாறை நெருக்கப்படுவதால் உண்டான ஆற்றல் என்று அவர் கொள்வார். அது அந்நூலாசிரியர் கருதிய பொருளன்று. ஆயினும் உண்மைக்கு அணித்தானது. தவறான வழியில் சென்று சரியான ஊரை அடைவது மொழிபெயர்ப்பில் சிலபோது நிகழ்வதுண்டு.

கூடும், வல்லது, இயலும்

பொதுவழக்கிற்கு வருவோம். ஆங்கிலச் சொல்லில் இரு கூறுகள் பிணைந்துள்ளன: ஒன்று திறமை, மற்றொன்று இன்னும் நிகழாமை. தமிழில் பெயர்ச்சொற்கள் இவ்விரண்டையும் பிரித்தே வைக்கின்றன. 'திறன்', 'ஆற்றல்', 'வல்லமை' ஆகியன திறமையைக் கூறும், நிகழாமையைக் கூறா. 'வாய்ப்பு' நிகழாமையைக் கூறும், திறமையைக் கூறாது. 'உள்' என்னும் முன்னொட்டைச் சேர்த்து 'உள்ளாற்றல்' என்று ஆக்கியது இவ்விடைவெளியை நிரப்பவே. ஆனால் தமிழ் இப்பொருளை இயல்பாகச் சொல்லும் இடம் பெயரன்று, வினை. 'நிகழலாம்', 'நிகழக்கூடும்', 'நிகழவல்லது', 'நிகழ இயலும்' என்பன ஒன்றுக்கொன்று ஈடாகா. முதலிரண்டு பேசுவோரின் ஐயத்தைச் சார்ந்தன. பின்னிரண்டு பொருளின் தன்மையைச் சார்ந்தன.

இவ்வேறுபாடு வெறும் இலக்கண நுட்பமன்று என்பதற்குத் தங்க வயலே சான்று. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருடன் இணைந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்து, 1965இல் வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் தடயத்தைக் கண்டனர். மேலிருந்து வரும் பிற துகள்களைப் பாறை தடுத்துவிடுவதே ஆழத்தின் பயன். பின்னர் 1980களில் அதே ஆழத்தில் 140 டன் எடையுள்ள கருவி ஒன்று புரோட்டானின் சிதைவுக்காகக் காத்திருந்தது. சிதைவாக இருக்கலாம் என்று சில நிகழ்வுகள் வெளியிடப்பட்டன. பிற நாடுகளின் பெருங்கருவிகள் அதனை உறுதிசெய்யவில்லை. இன்றுவரை எங்கும் அச்சிதைவு காணப்படவில்லை.

இதனைத் தமிழில் எழுதுவோர், 'புரோட்டான் சிதையக்கூடும்' என்று எழுதுவதா, 'புரோட்டான் சிதையவல்லது' என்று எழுதுவதா? முன்னது நம் அறிவின் எல்லையைச் சொல்கிறது. பின்னது புரோட்டானின் இயல்பைச் சொல்கிறது. ஆகவே அது மெய்ப்பிக்கப்படாத ஒன்றை மெய்யெனக் கூறிவிடுகிறது. ஆங்கில மூலத்தில் ஒரே அடைமொழி இரண்டிற்கும் இடந்தரும். தமிழ் இடந்தராது, மொழிபெயர்ப்பாளர் முடிவெடுத்தே ஆக வேண்டும்.

அதேபோல் தங்கத்திற்கும். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் ஈந்த இச்சுரங்கங்கள், ஒரு டன் கல்லில் சில கிராமே கிடைக்கும் நிலையை அடைந்து, 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. சயனைடு கொண்டு தங்கம் பிரித்தபின் கொட்டிய மண்மேடுகள் இன்றும் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. அவற்றுள் 13 மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்கும் முன்மொழிவுக்குக் கருநாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைந்தது. இவை குறித்த ஆங்கில அறிக்கைகளில் 'பொட்டென்ஷியல்' என்னும் சொல் மிகுதியாக வருகிறது. அதனை ஒரு மொழிபெயர்ப்பாளர் 'தங்க வளம்' என்று எழுதினால், தங்கம் உள்ளது, எடுக்க வேண்டியதே எஞ்சியுள்ளது என்று பொருள்படும். 'தங்கம் கிடைக்கும் வாய்ப்பு' என்று எழுதினால், தங்கம் உண்டோ இல்லையோ என்று பொருள்படும். அறிக்கை கூறுவது இரண்டுமன்று. தங்கம் உண்டு, டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு, சந்தை விலை, பிரித்தெடுக்கும் செலவு ஆகியவற்றின் வேறுபாட்டைப் பொறுத்தே அது பயன் தரும். வேலை இழந்தும் ஊரை விட்டுப் போகாமல், நாள்தோறும் பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு இரயிலேறிப் பிழைக்கும் குடும்பங்கள் அத்தொடரை மிகக் கவனமாகப் படிப்பார்கள். 'இலாபமாக எடுக்க இயலக்கூடிய தங்கம்' என்று இயலுதலையும் கூடுதலையும் ஒருங்கே வைத்து எழுதினால் தொடர் நீளும். நீளட்டும்.